இறால் லாச்சியில் ஒரு உரைநூல்

டோர்ட்மண்டில் நாங்கள் இருந்த கட்டிடத்தில் மாடிப்படி கழுவுவதற்கு வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை இருந்தது. யாருடைய கிழமையோ அவர்களின் கதவுப் பிடியில் ஒரு அட்டை தொங்கும். கழுவி முடித்தவர் அதைக் கழற்றி அடுத்த கதவில் மாட்டிவிடுவார். கீழ்வீட்டுக்குப் புதிதாக ஒரு வயதான பெண் குடிவந்திருந்தார். நான் அட்டையை அவருடைய கதவில் மாட்டி, புது ஆள் என்பதால் மணியையும் அடித்து, சனிக்கிழமை மத்தியானத்துக்கு முன் கழுவிவிட வேண்டும் என்று சொன்னேன். கதவு சங்கிலி போட்டபடியே கொஞ்சம் திறந்தது. தடித்த கண்ணாடி போட்ட ஒரு முகம் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தது.

“ஆர் சொன்னது?”

“ஹவுஸ்மைஸ்டர்.”

“உங்களுக்கு நேரை சொன்னவரோ?”

“இல்லை. எங்களுக்கு முன்னம் இருந்த ஆக்கள் சொன்னவை.”

“அவையளுக்கு ஆர் சொன்னது?”

எனக்குத் தெரியவில்லை. கதவு மூடிக்கொண்டது. அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ எங்கள் மணி அடித்தது. வாசலில் அவர். கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஹவுஸ்மைஸ்டரைப் பிடித்துக் கேட்டுவிட்டாராம். கிழமைக்குள் கழுவினால் போதும், சனிக்கிழமை மத்தியானம் என்று ஒரு சட்டமும் கிடையாது என்று அந்த ஆள் சொன்னாராம். நாங்கள் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஆறுதலாகப் படுத்துக் கிடக்கக்கூடிய ஒரே ஒரு காலைப்பொழுதில் வாளியும் துணியுமாக நான் முழங்காலில் நின்றிருக்கிறேன். எரிச்சல் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்படித்தான் பழக்கமானோம். கடிதப்பெட்டியில் இருந்த குடும்பப் பெயரைச் சொல்லித்தான் அவரைக் கூப்பிடுவேன். எங்கள் வீட்டுக்குள் அவர் கீழ்வீட்டு அன்ரி. அவர் பேசியது உடைந்த ஜெர்மன், அதற்குள் ரஷ்ய வாடை. என்னுடையதும் உடைந்ததுதான், யாழ்ப்பாணத்து உடைசல். இரண்டு பேருக்கும் அந்த மொழி வாடகை வீடு மாதிரி, சுவரில் ஆணி அடிக்கப் பயம். அவர் சொன்னதை இங்கே எங்கள் பேச்சிலேயே எழுதுகிறேன். உள்ளபடி எழுதினால் இரண்டு பேரும் நேர்சரிப் பிள்ளைகள் போலத் தெரிவோம். நாங்கள் அப்படிக் கதைக்கவில்லை.

ஊர் ஒடெசா. யூதர். சோவியத் உடைந்த பிறகு அங்கிருந்த யூதர்களை ஜெர்மனி வரலாம் என்று கூப்பிட்டது, அவரும் மகனும் வந்தார்கள். மகன் ஹனோவரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். எங்களை யாரும் வா என்று கூப்பிடவில்லை, நாங்களாக வந்து அன்ராக் என்கிற அகதி விண்ணப்பம் போட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த ஆட்கள். இந்த வித்தியாசத்தை ஒருநாள் பகிடியாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “கூப்பிட்டது ஆர், ஏன் கூப்பிட்டவை எண்டு யோசிச்சால் எனக்கு நித்திரை வராது, பிள்ளை” என்றார்.

அங்கே அவர் மீன் ரின் அடைக்கிற தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர். தயாராகி வருகிற ரின்களில் இடைக்கிடை ஒன்றைத் திறந்து, மணந்து, தொட்டு, உள்ளே இருப்பது வெளியே எழுதியிருப்பதுதானா என்று பார்ப்பது அவருடைய வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அந்த வேலையை விடவில்லை. “லேபிள் ஒட்டினவன் உள்ளுக்கை பார்த்தவனோ?” என்பார். யோகட்டுக்கும் அதுதான், காலநிலை அறிக்கைக்கும் அதுதான், தேர்தலில் நிற்கிறவர்களுக்கும் அதுதான்.

நான் யாழ்ப்பாணத்துக் கடற்கரையில் வளர்ந்த குருநகர்க்காரி. மீன் பார்க்கத் தெரியும் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. டோர்ட்மண்டின் நோர்ட்ஸ்டட் பகுதியில் ஒரு துருக்கிக்காரரின் மீன்கடைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவோம். நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், அவர் வயிற்றை விரலால் அமத்துவார். கடைக்காரர் பாவம், “இண்டைக்கு வந்த மீன்” என்று சொல்லிவிடுவார்.

“ஆர் சொன்னது?”

“நான் சொல்றன்.”

“நீ கடலுக்குப் போனனியோ?”

பிறகு பிறகு எங்களைக் கண்டதும் அவர் ஒன்றும் சொல்லாமல் மீனைத் தூக்கி எங்கள் பக்கம் தள்ளிவிட்டு மற்ற ஆட்களைக் கவனிக்கப் போய்விடுவார்.

அன்ரி கேட்டதெல்லாம் சரியாக முடிந்தது என்று யாரும் நினைக்கக்கூடாது. இவருக்கு, என் கணவருக்கு, பித்தப்பையில் கல் என்று டொக்ரர் சொல்லி, வெட்டி எடுக்க நாளும் குறித்தாயிற்று. அன்ரி கேள்விப்பட்டு மேலே வந்தார். “ஆர் சொன்னது? ஒரு டொக்ரர்தானே?” இவரும் வெட்டுக்குப் பயந்த ஆள், அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு டொக்ரரிடம் நாள் கேட்டு டெர்மின் எடுத்துக் காத்திருந்த நாட்களில் வலியில் துடித்தார். அந்த டொக்ரரும் முதல் ஆள் சொன்னதையே சொன்னார். ஆஸ்பத்திரியால் வந்த பிறகு இவர் அன்ரியோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அன்ரி பீற்றூட் சூப்போடு வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்பு ஒன்றும் இல்லை. “இப்ப ரெண்டு பேர் சொல்லியிருக்கினம்” என்றார். இவர் சூப்பைக் குடித்தார்.

என்னை மாற்றியது இன்னொரு விசயம். கெவலார் மாதா திருவிழாவுக்குப் போன பஸ்ஸில் ஒரு கதை அடிபட்டது. எங்கள் பாட்டுக்குழுவில் இருந்த பிள்ளை ஒன்று யாரோ ஒரு பெடியனோடு, போகும் என்கிற ஊர் ரயில் நிலையத்தில், கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதாம். போகும் என்றால் டோர்ட்மண்டுக்கு அடுத்த நகரம்தான். அந்தப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். நான் வந்து அன்ரிக்குச் சொன்னேன், சுவையாகத்தான் சொன்னேன்.

“ஆர் கண்டது?”

எனக்குச் சொன்னது ஒரு அக்கா. அக்காவுக்குச் சொன்னது அவவின் மச்சாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து மச்சாளைக் கேட்டேன். அவவுக்குச் சொன்னது தலைமுடி வெட்டுகிற கடையில் வேலை செய்கிற ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்குத் தன் தம்பி சொன்னானாம். தம்பியைக் கேட்டால், அவன் கண்டது அந்தப் பெட்டை ரயிலுக்கு நின்றதை மட்டும். அவளுடைய அவுஸ்பில்டுங், தொழிற்பயிற்சி, போகுமில், தினமும் அங்கேதான் இறங்கி ஏறுகிறாள். பெடியன் எந்த வாயில் வந்து ஏறினான் என்று கடைசிவரை தெரியவில்லை. நான் இதைப் போய் ஒவ்வொருத்தராகச் சொன்னேன். சம்பந்தம் குழம்பவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பஸ்ஸில் என் பக்கத்து இருக்கைக்குக் கதை வருவது குறைந்துவிட்டது.

இனி அந்தப் புத்தகம்.

குளிர் விடுகிற காலம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்ரி படிகளில் ஓடி வந்தார். அவர் ஓடி நான் கண்டது அந்த ஒரு தரம்தான். அவருடைய படுக்கையறைச் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் வெடித்து, சுவரோடு இருந்த அலுமாரி நனைந்துகொண்டிருந்தது. இவர் கீழே இறங்கிப் போய்த் தண்ணீரைப் பூட்டினார். நான் உடுப்புகளை அள்ளி வெளியே போட்டேன். அன்ரி உடுப்பைப் பார்க்கவில்லை. மேல்தட்டிலிருந்து தையல்பூ போட்ட ஒரு மேசைவிரிப்பை இறக்கினார். அதற்குள் கறுத்த தோல் அட்டை போட்ட புத்தகம், இரண்டு செங்கல் பாரம். தண்ணீர் சொட்டியது.

“என்ர தாத்தான்ர” என்றார்.

இடப்பக்க அட்டையைத் திறந்து காட்டினார். பக்கத்தின் நடுவில் கொஞ்சம் பெரிய எழுத்து. அதைச் சுற்றி நாலு பக்கமும் வேலி அடைத்த மாதிரிப் பொடி எழுத்து. நடுவில் இருப்பது மிஷ்னா, அவர்களுடைய பழைய சட்டம். சுற்றிவர இருப்பது அதற்கு ரபிமார், அவர்களுடைய குருமார், எழுதிய உரை. இவ்வளவும் அவருடைய அப்பா சொன்னது. அவருக்கு அதில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது, அவர் படித்த பள்ளிக்கூடத்தில் அந்த எழுத்து இல்லை.

ஈரத் தரையில் நின்றபடியே கதையைச் சொன்னார். ஜெர்மன்காரரோடு சண்டை தொடங்கியபோது அவர் சின்னப் பிள்ளை. அம்மாவையும் அவரையும் ரயிலில் கிழக்கே அனுப்பிவிட்டு அப்பா போர்முனைக்குப் போனார். தாத்தாவும் மாமிமாரும் ஒடெசாவில் நின்றார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. சண்டை முடிந்து திரும்பி வந்தால் வீட்டில் வேறு ஆட்கள். படம் இல்லை, கடிதம் இல்லை, ஒரு கரண்டிகூட இல்லை. அப்பா கொண்டுவந்த இந்தப் புத்தகம் மட்டும்தான். போர்முனைக்குப் போகிற அன்று தாத்தா அப்பாவின் கையில் கொடுத்ததாம், சண்டை முடியும்வரை அப்பாவின் பையிலேயே இருந்ததாம்.

நான் ஆர் சொன்னது என்று கேட்கவில்லை. கேட்கிற கதையா அது.

ஹீற்றருக்கு மேலே காயவைப்போம் என்றேன். “ஆர் சொன்னது?” என்று உடனே வந்தது. அந்தக் கேள்வி அன்று புத்தகத்தைக் காப்பாற்றியது. என் மூத்த மகள் இன்டர்நெற்றில் தேடி, நனைந்த பழைய புத்தகத்தைச் சூடு காட்டக்கூடாது, உறையவைத்துவிட்டுத் திருத்துகிறவர்களிடம் கொடுக்க வேண்டும் என்று ஒரு நூலகம் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தாள். நூலகம் சொன்னது என்றபடியால் அன்ரி ஒத்துக்கொண்டார். ஆனால் அவருடைய பிறீசர் தீப்பெட்டி அளவு. எங்களுடையது தமிழ் வீட்டுப் பிறீசர், ஆள் உயரம், இழுத்துத் திறக்கிற லாச்சி லாச்சியாக அறக்குளா மீன், நண்டு, முருங்கையிலை. புத்தகத்துக்கு அளவாக இருந்தது இறால் லாச்சிதான்.

இறாலை அள்ளி வெளியே வைத்துவிட்டு, லாச்சியைக் கழற்றி வினாகிரியும் தேசிக்காயும் போட்டு உரஞ்சத் தொடங்கினேன். செதிள் இல்லாததை யூதர்கள் தொடக்கூடாது என்று பழைய ஏற்பாட்டில் படித்திருக்கிறேன். அன்ரி சிரித்தார்.

“நான் ஒடெசாக்காரி, பிள்ளை. இறால் திண்டு வளந்தனான்.”

“நீங்கள் திண்டிருப்பியள். தாத்தா திண்டிருக்கமாட்டார்.”

சிரிப்பு நின்றது. என் கையிலிருந்த பிரஷை வாங்கி, மூலை மூலையாக அவரே உரஞ்சினார். அந்தத் தாத்தாவை அவர் எவ்வளவு உண்மையாக வைத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கிழமை முழுக்க எங்கள் வீட்டில் இறால்தான். இறால் குழம்பு, இறால் வறை, இறால் போட்ட ஒடியல் கூழ். புத்தகம் துணிப் பொதியாக நடு லாச்சியில் கிடந்தது. இவர் மீன் எடுக்கப் பிறீசரைத் திறக்கிற நேரமெல்லாம் கை தன்பாட்டில் நெற்றிக்குப் போய்ச் சிலுவை போடும். அது எங்கட வேதம் இல்லையப்பா என்றால், வேதம் வேதம்தானே என்பார்.

பக்கத்து நகரத்து நூலகம் ஒன்றில் பழைய புத்தகங்களைத் திருத்துகிற பட்டறை இருந்தது. பிக்னிக் குளிர்பெட்டிக்குள் புத்தகத்தை வைத்து, அன்ரியும் நானும் ரயிலில் கொண்டுபோனோம். பட்டறையில் இருந்தவர் நடுவயதுப் பெண், இறையியல் படித்த காலத்தில் எபிரேயமும் படித்தவர். அவர் பொதியைப் பிரித்ததும் முதல் வேலையாகப் புத்தகத்தைத் திருப்பிப் போட்டார். எபிரேயப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்கும் என்றார். ஆயுள் முழுக்க அன்ரி முதல் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தது கடைசிப் பக்கம். உண்மையான முதல் அட்டையின் உட்புறத்தில் ஒரு தடித்த தாள் ஒட்டியிருந்தது.

உறைந்திருந்த பக்கத்தின் அச்சைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் குரல் மாறியது. பவேரியாப் பக்கத்துச் சின்ன ஊர் ஒன்றில் முந்நூறு வருசத்துக்கு முன் அச்சிட்ட பதிப்பு, உலகத்தில் மிஞ்சியிருப்பது கொஞ்சம் என்றார். இந்தப் பாகம் நட்டம், இழப்பு, வழியில் கண்டெடுத்த பொருள் பற்றிய சட்டங்கள்.

“சுவருக்குள்ள குழாய் வெடிச்சால் ஆர் பொறுப்பு எண்டு இருக்கோ?” என்றார் அன்ரி.

“குழாய் இல்லை. ஆனால் வழியில குழி வெட்டினவன் பொறுப்பு எண்டு இருக்கு.”

அன்ரிக்கு அது பிடித்தது. அந்தப் பெண் இன்னும் சொன்னார். இதில் ஒவ்வொரு கருத்தும் யார் சொன்னது என்று பெயரோடு வரும். பெயர் இல்லாமல் வந்தால், சுற்றியிருக்கிற உரை இது யாருடைய கருத்து என்று தேடும். இரண்டு பேர் முரண்பட்டால் இரண்டையும் எழுதுவார்கள், ஏற்றுக்கொள்ளாத கருத்தையும்.

“ஏத்துக்கொள்ளாததை ஏன் எழுதவேணும்?” என்று நான் கேட்டேன்.

“அவரும் சொன்னவர்தானே” என்றார் அந்தப் பெண்.

திரும்பி வருகிற ரயிலில் அன்ரியின் வாய் மூடவில்லை. “பாத்தியே? தாத்தாவும் இதைத்தான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். நான் ஏன் இப்பிடி எண்டு இப்பதான் விளங்குது.” முகத்தில் ஒரு பெருமை. அவரை அவ்வளவு சந்தோசமாக நான் முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை.

சில மாதம் கழித்துப் பட்டறையிலிருந்து கூப்பிட்டார்கள். மறுபடி இரண்டு பேரும் போனோம். புத்தகம் காய்ந்து, மேசையில் பஞ்சுத் தலையணையில் கிடந்தது. தண்ணீரில் பசை இளகி அந்த ஒட்டுத் தாள் கழன்று வந்துவிட்டதாம். அதற்குக் கீழே ஒரு முத்திரை. கிழக்கே, போலந்து எல்லைப் பக்கத்துச் சின்ன ஜெர்மன் ஊர் ஒன்றின் தொழுகைக் கூடம். முத்திரைக்குக் கீழே ஒரு ஆசிரியரின் பெயர், புத்தகத்துக்குப் புது அட்டை கட்டுவித்தவர் அவர். எழுதியிருந்த வருசம், அந்தக் கூடத்தை நாசிகள் எரித்ததற்குக் கொஞ்சம் முந்தியது.

அந்தப் பெண் மெல்லமாகத்தான் சொன்னார். புத்தகம் அந்த ஊரைவிட்டு வெளிக்கிட்டது அதற்குப் பிறகுதான். ஒடெசாவில் இருந்திருக்க வழியில்லை.

“ஆர் சொன்னது?” என்றார் அன்ரி.

அந்தப் பெண் பதில் சொல்லாமல் அட்டையை அவர் பக்கம் திருப்பினார். அன்ரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு முத்திரையைப் பார்த்தார். ஜெர்மன் எழுத்து. அதை அவரால் வாசிக்க முடிந்தது. ஊரின் பெயரில் விரலை வைத்தார்.

“அப்பா அந்தப் பக்கத்தாலதான் பெர்லினுக்கு நடந்தவர்.” பிறகு புத்தகத்தின் மேல் கையை வைத்தார். “இவ்வளவு பாரம். ஒரு ஆமிக்காரன்ர பையில, நாலு வருசம், பனிக்குள்ளையும் சேத்துக்குள்ளையும். நான் ஒருநாளும் கேக்கேல்லை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. இதை என்ன செய்வது என்று நீங்கள்தான் முடிவு சொல்ல வேண்டும், அவசரம் இல்லை என்றார் அந்தப் பெண்.

ரயிலில் நான் வாதாடினேன். கூடம் எரிந்துபோயிற்று, அந்த ஊரில் ஒருவரும் இல்லை, உங்கட அப்பா எடுத்திராவிட்டால் இதுவும் மழையில் உக்கியிருக்கும், காப்பாற்றினவர் அவர்தானே என்றேன்.

“இருக்கலாம். காப்பாத்தினது வேற, தாத்தான்ர எண்டது வேற” என்று சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் மேலே வருவது நின்றது. நான்தான் கீழே போனேன். எதைச் சொன்னாலும் “ம்” என்றார். சனிக்கிழமைக்கு மழை என்றேன், ம். குழாய் திருத்த வருகிறவர்கள் அடுத்த மாதம்தான் வருவார்களாம் என்றேன், ம். ஒருநாள் இழுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனேன். கடைக்காரர் தள்ளிய மீனை அவர் தொட்டும் பார்க்காமல் பைக்குள் போட்டார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். “உங்கட அம்மாவுக்குச் சுகம் இல்லையோ?” எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். அந்த மீன் வீட்டுக்கு வந்தபோது நாறியது.

மாடிப்படி முறை அட்டை அவருடைய கதவில் தொங்கிய ஒரு கிழமையில் எங்கள் மணி அடித்தது. அன்ரி வாளியோடு நின்றார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே கதைத்தார்.

“எனக்கு அப்பாவில கோவம் இல்லை. வீட்டுக்கு வந்தால் ஒருத்தரும் இல்லை, ஒண்டும் இல்லை. பிள்ளை, தாத்தா எங்கை எண்டு கேக்குது. அந்த மனுசன் என்ன செய்யும்? எங்கையோ கிடந்து எடுத்த தாத்தாவைத் தந்திட்டார்.”

“ஓம்” என்றேன்.

“ஆனால் அந்த ரீச்சருக்கும் பிள்ளையள் இருந்திருக்கும். அதுகளுக்கும் தாத்தா எங்கை எண்டு கேக்கிற பிள்ளையள் இருக்கும்.”

அவர் குனிந்து படியைக் கழுவத் தொடங்கினார். புதன்கிழமை அது.

தேடிக் கண்டுபிடிக்க ஒரு வருசத்துக்கு மேல் போனது. தேடியது பட்டறைப் பெண். ஆசிரியரின் மகள் ஒருவர் இஸ்ரேலில், ஹைஃபாவில் உயிரோடு இருந்தார், அன்ரியைவிடக் கொஞ்சம் மூத்தவர், பயணம் செய்ய ஏலாது. அவருடைய பேத்தி வந்தாள். இருபது வயதைக் கடந்த பிள்ளை, பெரிய முதுகுப்பை. பட்டறை மேசையைச் சுற்றி நாங்கள் நாலு பேர். பேத்தி புத்தகத்தை வலப்பக்கத்திலிருந்து திறந்து, எந்தத் தயக்கமும் இல்லாமல் ஒரு வரியை வாசித்தாள். அன்ரி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். அந்தப் புத்தகம் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தரம்.

புத்தகத்தோடு போவதற்குப் பட்டறைப் பெண் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். அச்சிட்ட ஊர், தொழுகைக் கூடம், ஆசிரியர், போர், ஒரு சோவியத் படைவீரர், அவருடைய மகள், திருப்பிக் கொடுத்தது. அன்ரி அதை விரல் வைத்து வாசித்தார்.

“ஒண்டு விடுபட்டிருக்கு” என்றார்.

“என்ன?”

“இது ஒடெசாவில இருந்த தன்ர தகப்பன்ர புத்தகம் எண்டு படைவீரர் சொன்னவர். அவர்ர பேரை எழுதுங்கோ. அவரிட்டக் கேட்டது மகள். என்ர பேரை எழுதுங்கோ.”

அந்தப் பெண் சங்கடப்பட்டார். “அது பிழை எண்டு எங்களுக்குத் தெரியுமே. இந்தக் குறிப்பில நடந்ததை மட்டும்தான் எழுதுறது.”

“பிழைதான். ஆனால் அவர் சொன்னது நடந்தது. ஏத்துக்கொள்ளாததையும் சொன்ன ஆளின்ர பேரோட எழுதுறது எண்டு நீங்கள்தானே எனக்குச் சொன்னனீங்கள்?”

பட்டறைப் பெண் பேத்தியைப் பார்த்தார். புத்தகம் இனி அவர்களுடையது, அதன் குறிப்பும் அவர்களுடையது. பேத்தி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, “எழுதுங்கோ” என்றாள். “எங்கட அம்மம்மாவுக்கு அது பிடிக்கும்.”

எழுதி முடிகிற நேரம் அன்ரி என் பக்கம் கையை நீட்டினார். “மகளிட்டக் கேட்டது ஆர் எண்டும் போடவேணும். நான் செத்தால் பிறகு ஆரைக் கேக்கிறது?” அப்படி என் பெயரும் ஏறியது. ரபிமாரின் பெயர்களும் ஒரு ஆசிரியரின் பெயரும் இருக்கிற புத்தகத்தோடு குருநகர்க்காரி ஒருத்தியின் பெயரும் ஹைஃபா போனது. வீட்டுக்கு வந்து இவருக்குச் சொன்னேன். நம்பாமல், “ஆர் சொன்னது?” என்றார்.

அடுத்த சனிக்கிழமை மீன்கடையில் அன்ரி ஒரு மீனை அமத்திப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடைக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

மகனுக்குச் சொன்னீங்களோ என்று ஒருநாள் கேட்டேன். புத்தகத்தைக் கொடுத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாராம். ஏன் என்று சொல்லவில்லையோ? “கேட்டால் சொல்லுவன். அவன் கேக்கேல்லை.”

மூன்றோ நாலோ குளிர்காலம் போனது. அன்ரிக்கு ஒரு மாரடைப்பு, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள், அவ்வளவுதான். வீட்டை ஒதுக்க மகன் ஹனோவரிலிருந்து வந்தார். பின்னேரம் எங்கள் மணி அடித்தது. தாயைப் போலவே தடித்த கண்ணாடி. கையில் அந்தத் தையல்பூ மேசைவிரிப்பு, மடித்தபடி, வெறுமையாக.

“அம்மா அந்தப் புத்தகத்தை ஆருக்கோ குடுத்திட்டா” என்றார். “உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் குடுத்தவ? அது எங்கட பூட்டன்ர புத்தகம்.”

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். என் வாயில் வந்தது இதுதான்.

“ஆர் சொன்னது?”

“அம்மா.”

“அம்மாவுக்கு ஆர் சொன்னது?”

“தாத்தா. அம்மான்ர அப்பா.”

“ஓம்” என்றேன். “அவர் சொன்னவர். அது புத்தகத்தோட எழுதியிருக்கு. அதுக்குக் கீழ என்ர பேரும் இருக்கு. உள்ள வாங்கோ.”